தாராக்குஞ்சும் இரண்டு பற்றரியும்

ஜனவரி 5, திங்கள்

குகன் இந்தக் கொப்பியைத் தந்து, தினமும் காலையில் பற்றரியின் வோல்ற்றை எழுதிவைக்கச் சொன்னான். நான் கடைசியாக ஒழுங்காக ஏதாவது எழுதியது பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையில். அதிலும் கணிதம் இரண்டு முறை குண்டு, பெயில். ஆனால் குகன் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். ரொறன்ரோவுக்கு வெளியே இந்த லொறிப் பட்டறையின் பின்வேலியோரம் என் மோட்டர் ஹோமை, அதுதான் உள்ளே குடியிருக்கிற வண்டியை, நிறுத்த இடம் பிடித்துத் தந்தவன் அவன். பட்டறையின் தலைமை மெக்கானிக். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். திட்டும்போது மட்டும் மூத்தவனாகிவிடுவான்.

"அண்ணை, உங்கட வண்டியிலை ரெண்டு வகைப் பற்றரி கிடக்கு. ஒண்டு எஞ்சினை ஸ்ராட் பண்ண. அதை விடுங்கோ. அது நவம்பரோடை செத்துப்போச்சு, எஞ்சினும் சேர்ந்து கண்ணை மூடிற்றுது. மற்ற ரெண்டும் வீட்டுப் பற்றரி. லைற், தண்ணிப் பம்ப், ஹீற்றர் காத்தாடி எல்லாம் அதிலைதான். அது போச்சுதெண்டால் நீங்களும் போச்சு. விளங்குதோ?"

"விளங்குது."

"என்ன விளங்கினது?"

"நானும் போச்சு."

அவன் சிரிக்கவில்லை. ஹீற்றர் எரிவது காஸில். ஆனால் சூட்டை ஊதித் தள்ளுகிற காற்றாடி பற்றரியில் ஓடுகிறது. காற்றாடி நின்றால் காஸும் தானாக நின்றுவிடும். இப்படி ஒருவரை ஒருவர் நம்பி வாழ்கிற குடும்பம் அது.

பட்டறை திறந்திருக்கும்போது அங்கிருந்து வயர் இழுத்துச் சார்ஜ் போடலாம். பூட்டும்போது கழற்றிவிட வேண்டும். வளவுக்குள் ஆள் குடியிருக்கக்கூடாது என்பது நகரசபைச் சட்டம். ஆகவே சட்டப்படி நான் இங்கே இல்லை. இல்லாத ஆளுக்கு எதற்குக் கரண்ட்?

குகன் சொன்ன கணக்கு: 12.7 என்றால் வயிறு முட்ட. 12.2 அரைவயிறு. பன்னிரண்டுக்குக் கீழே பட்டினி. சனியும் ஞாயிறும் பட்டறை பூட்டு, சார்ஜ் இல்லை. இன்று காலை 11.9.

எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது என்கிறான். கண்டுபிடிக்க வேண்டும்.

ஜனவரி 6, செவ்வாய்

12.1.

தாராக்குஞ்சைப் பற்றி எழுதிவைக்கிறேன். பிறகு யாராவது இந்தக் கொப்பியை எடுத்துப் பார்த்தால் எனக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைப்பார்கள்.

அது மகள் நிதர்சனா குழந்தையாக இருந்தபோது வாங்கிய இரவு விளக்கு. மஞ்சள் பிளாஸ்ரிக் வாத்துக்குஞ்சு, எங்கள் பேச்சில் தாரா. சுவரில் செருகினால் வயிற்றுக்குள் சின்ன பல்ப் எரியும். நிதா ஐந்து வயதில் இருட்டுக்குப் பழகிவிட்டாள். தாய் பழகவில்லை. என் மனைவி பவளம், எண்பத்தேழில் ஊரில் சண்டை நேரம் செல்லடிக்குப் பயந்து ஒளிந்த பங்கரின் வாசல் சரிந்து, ஓர் இரவு முழுக்க மண்ணுக்குள் இருட்டில் இருந்தவள். அதற்குப் பிறகு வெளிச்சம் இல்லாமல் நித்திரை கொண்டதில்லை. ஆகவே தாரா எங்கள் அறைக்குக் குடிவந்தது.

எனக்கு வெளிச்சத்தில் நித்திரை வராது. பேக்கரியில் பாண் போட விடியமுன்னம் எழும்புகிறவன். அவள் குறட்டை தொடங்கியதும் மெல்ல எழும்பிப் போய் அணைப்பேன். இரண்டு நிமிடம் போகாது. இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

"ஆர் லைற்றை நூத்தது?"

அறைக்குள் பத்துப்பேர் படுத்திருப்பதுபோல. நான் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்பேன்.

"உங்களைத்தான் கேக்கிறன்."

எழும்பிப் போய்ப் போடுவேன். முப்பது வருட இல்லறம் இதுதான். வேறு பெரிய சண்டை இருந்ததாக ஞாபகமில்லை.

போன மாசி அமாவாசையில் பவளம் போய்விட்டாள். செத்தவீட்டன்று படத்துக்கு முன்னால் என்ன விளக்கு வைப்பது என்று யாரோ கேட்டார்கள். நிதா தாராவைக் கொண்டுவந்து செருகினாள். ஆட்டைத்திவசம், அதுதான் முதலாம் ஆண்டுத் திதி, முடியும்வரைக்கும் படத்து விளக்கு அணையக்கூடாது என்றார் ஐயர். அவர் எண்ணெய் விளக்கைச் சொன்னார். நான் தாராவுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எரிகிறது. வீட்டுக்காரர் மகனுக்குக் கலியாணம் என்று எங்களை வீட்டைவிட்டு எழுப்பிய அன்று, ஒரு கையில் தூக்கிச்செல்கிற சின்னப் பற்றரிப் பெட்டியும் மற்றக் கையில் எரிகிற தாராவுமாக நான் வண்டிக்கு நடந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வணக்கம் வைத்தார்.

எங்களை என்று எழுதிவிட்டேன். என்னை.

ஜனவரி 9, வெள்ளி

12.0. இன்று ஒரு விஞ்ஞானச் சோதனை.

பற்றரி தருவது பன்னிரண்டு வோல்ற். ரைஸ் குக்கர், தாரா போன்றவை வீட்டுச் சுவர்க் கரண்டில் ஓடுகிற சாதி. இரண்டு பகுதிக்கும் நடுவில் பேசி முடிக்கிற தரகர் இன்வேட்டர் என்கிற பெட்டி. அதில் ரைஸ் குக்கரைச் செருகினேன். பெட்டி ஒருமுறை வீரிட்டது. ஹீற்றர் காற்றாடி முனகியது. தாராவின் வயிறு மங்கிச் சிவந்தது. நான் பாய்ந்துபோய்க் குக்கரைப் பிடுங்கிய வேகத்தில் முழங்கை கதவில் அடிபட்டது.

தாரா அணையவில்லை. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். மங்கியது, அணையவில்லை.

சோற்றைக் காஸ் அடுப்பில் வைத்து முடித்தேன். காஸ் அடுப்பு பக்கத்திலேயே இருக்கும்போது ஏன் முதலே அதில் வைக்கவில்லை என்று கேட்டால், அதற்குத்தான் கணிதம் பாஸ் பண்ணியிருக்க வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

11.8. சனி ஞாயிறு இரண்டு நாள் சார்ஜ் இல்லாமல்.

குகன் வந்து படிக்குக் கீழேயுள்ள பெட்டியைத் திறந்து பற்றரி மூடிகளைக் கழற்றினான். உள்ளே ரோச் அடித்துப் பார்த்தான். முகம் மாறியது.

"அண்ணை, தண்ணி விட்டனீங்களோ?"

"விட்டனான். ஒவ்வொரு மாசமும்."

"என்ன தண்ணி?"

"கொதிச்சாறின தண்ணி."

அவன் மூடியைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தான். "பற்றரிக்கோ?"

"சுத்தமான தண்ணி விடு எண்டு நீதானே சொன்னனி. கொதிச்சாறின தண்ணியைவிட என்ன சுத்தம் இருக்கு? பச்சைப்பிள்ளைக்கே அதைத்தான் குடுக்கிறது."

"ஐயோ அண்ணை. வடிச்ச தண்ணி. ஆவியாக்கி வடிச்சது. போத்திலிலை கடையிலை விக்கும். நீங்கள் கொதிக்க வைக்கக் கிருமிதான் சாகும். பற்றரிக்கு என்ன வயித்தோட்டமே வருது? அதின்ரை பிரச்சினை உப்பு. கொதிக்கக் கொதிக்க உப்புக் கூடும்."

அப்படியானால் நான் ஒரு வருடமாக இரண்டு பற்றரிக்கும் உப்புக் கரைசல் பருக்கியிருக்கிறேன். ஒரு கிண்ணத்தில் ஆறவைத்து, ஈ விழாமல் மூடி, பவளத்துக்குக் கடைசி மாதங்களில் கொடுத்ததுபோலவே கொடுத்தேன். அவளுக்கும் அது உதவவில்லை.

உள்ளே ஈயத் தகட்டில் வெள்ளை படிந்துவிட்டதாம். இனி 12.7 காட்டினாலும் அது முகத்துக்குப் பூசின பவுடர், உள்ளே பலம் அரைவாசிதான் என்கிறான். போகும்போது இன்னொன்றும் சொன்னான்.

"நிறைஞ்ச பற்றரி எந்தக் குளிருக்கும் நிண்டுபிடிக்கும். இறங்கின பற்றரி பச்சைத் தண்ணி மாதிரி உறையும். உறைஞ்சால் வெடிக்கும். பிறகு குப்பைதான். கவனம்."

ஜனவரி 15, வியாழன்

12.1. தைப்பொங்கல். காஸ் அடுப்பில் பொங்கினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று கேட்க ஆளில்லை.

நிதா ஒட்டாவாவிலிருந்து வீடியோவில் வந்தாள். நான் திரைச்சீலை மட்டும் தெரிகிறமாதிரி இருந்துகொண்டேன். பவளம் தைத்த திரைச்சீலை. ஓய்வு எடுத்ததும் இந்த வண்டியில் வன்கூவர் கடல் வரைக்கும் போவது என்று தைத்தது. அடுப்படிக் குசினி ஜன்னலுக்கு மட்டும் அளவு பிழைத்து ஒரு சாண் கட்டை.

"அப்பா, ஏன் வீட்டுக்குள்ளை ஜாக்கெற்றோடை இருக்கிறியள்?"

"இப்பதான் வெளியிலை போட்டு வந்தனான்."

"போன கிழமையும் இப்பதான் வந்தனீங்கள்."

"நடக்கச் சொல்லி டொக்டர்தானே சொன்னவர்."

"குகன் மாமா வீட்டு பேஸ்மென்ற் சூடா இருக்கே?"

"வேர்க்குது, பிள்ளை."

இங்கே வந்து எங்களோடு இருங்கோ என்றாள். ஆட்டைத்திவசம் முடியட்டும் என்றேன். கோயிலில் செய்ய ஒழுங்குபண்ணியிருக்கிறேன், அடுத்த மாதம் பதினேழு, அமாவாசை. அதற்கு வரும்போது உங்களைக் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று சொல்லிவிட்டு, "அம்மான்ரை தாரா எரியுதே?" என்று கேட்டாள். போனைத் திருப்பிக் காட்டினேன். திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு "சரியப்பா" என்று வைத்துவிட்டாள்.

ஜனவரி 20, செவ்வாய்

12.0. ஒழுக்கு பிடிபட்டது.

குகன் கிடுக்கிமாதிரி ஒரு மீற்றர் கொண்டுவந்தான். ஒவ்வொரு வயராகக் கவ்விக் கவ்விப் பார்த்தான். பம்ப், இல்லை. லைற்றுகள், இல்லை. ரேடியோ, இல்லை. கடைசியாக இன்வேட்டர் வயரைக் கவ்வினான். விசிலடித்தான்.

"அண்ணை, இது ஏன் இரவு பகலா ஓடுது?"

"போன் சார்ஜ் போட."

"போனுக்கு வேறை இடம் கிடக்கு. என்னத்துக்கு ஓடுது?"

வயர் வழியே அவன் கண் போனது. கதிரைக்குப் பின்னால், திரைச்சீலைக்குக் கீழே, மேசையில் படம். தாரா.

அவன் தொப்பியைக் கழற்றினான். "தாரா குடிக்கிறது கொஞ்சம். உந்தப் பெட்டி சும்மா முழிச்சிருக்கிறதுக்கே அதைவிட ரெண்டு மடங்கு குடிக்குது. ஒரு பல்ப்புக்காக, அண்ணை. ஹீற்றருக்குச் சேரவேண்டியது எல்லாம் உங்கைதான் போகுது."

"ஓகோ" என்றேன், முதல்முறை கேட்பவன்போல.

ஜனவரி 25, ஞாயிறு

11.7. கூரையிலுள்ள சோலார் தட்டில் ஒரு முழப் பனி. ஏணி வைத்து ஏறித் தும்புத்தடியால் தள்ளினேன். இறங்கும்போது கால் படியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, குனிந்து பார்த்துத்தான் இறங்கினேன். சீனி வியாதிக்காரனுக்குக் கால் விறைப்பது புதினமில்லை. விழவில்லை. விழுந்திருந்தாலும், சட்டப்படி நான் இங்கே இல்லை.

சூரியன் வரவில்லை. வேலை வீண்.

ஜனவரி 27, செவ்வாய்

12.1. குகன் ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்ப் கொண்டுவந்தான். நேரே பற்றரியில் கொழுவலாம். இன்வேட்டர் தேவையில்லை. குடிப்பது எறும்பு குடிக்கிற அளவு.

"புதுசை முதல் கொழுத்துங்கோ. அது எரியேக்கை பழசை நூருங்கோ. விளக்கிலை விளக்குக் கொழுத்திற மாதிரித்தானே. சாமிக்குத்தமும் இல்லை, பற்றரிக்குத்தமும் இல்லை."

நல்ல யோசனை. எனக்கு ஏன் வரவில்லை என்றுகூட நினைத்தேன். எரித்துக் காட்டினான். வெள்ளை வெளிச்சம். பவளத்தின் முகம் படத்தில் நீலம்பாரித்தது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை அப்படித்தான் இருந்தாள். அந்த வெளிச்சத்தை நூருங்கோ, நூருங்கோ என்று தாதியைக் கெஞ்சினாள். வாழ்க்கையில் அவள் ஒரு லைற்றை அணைக்கச் சொன்னது அந்த ஒருமுறைதான். நான் வீட்டுக்கு ஓடிப்போய்த் தாராவை எடுத்துவந்தேன்.

"நாளைக்குப் பூட்டுவம், தம்பி" என்றேன்.

"நாளைக்கோ?"

"நாளைக்கு."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ. வதனி சொல்லுறா, தாராவையும் படத்தையும் எங்கட வீட்டிலை வைக்கட்டாம். நீங்களும் வாங்கோவன். பிள்ளையளின்ரை அறை ஒண்டு ஒதுக்கலாம்." வதனி அவன் மனைவி. நல்ல பிள்ளை.

"பவளம் ஆரின்ரை வீட்டிலையும் இரவு தங்கமாட்டா, தெரியுமெல்லே."

குகன் வயரைக் கழற்றினான். பிறகு எல்.ஈ.டி.யை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போனான்.

பிப்ரவரி 2, திங்கள்

11.7. சனி ஞாயிறுகளில் ஹீற்றரை ஏழு பாகையில் வைத்துப் பழகிவிட்டேன். குளிர்பெட்டிக்கு இனி வேலையில்லை. பால் மேசையிலேயே பழுதாகாமல் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு நன்மை உண்டு.

பிப்ரவரி 5, வியாழன்

12.0. பழைய போர்வை ஒன்றால் பற்றரிப் பெட்டியைச் சுற்றிக் கட்டினேன். குளிரில் பற்றரியின் பலம் இன்னும் அரைவாசியாகிவிடும் என்று குகன் சொல்லியிருந்தான். அரைவாசியில் அரைவாசி எவ்வளவு என்பது எனக்கும் தெரியும்.

குகன் கண்டுவிட்டுக் கேட்டான். "நல்ல தடிச்ச போர்வையாக் கிடக்கு. உங்களுக்கு இருக்கே?"

"ரெண்டு கிடக்கு."

ஒன்று கிடக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

11.6. வெளியே மைனஸ் பத்தொன்பது. காலையில் ஒரு மணித்தியாலம் ஹீற்றர், பின்னேரம் ஒரு மணித்தியாலம். மிச்சம் தாராவுக்கு.

பிப்ரவரி 11, புதன்

12.0. வலது காலில் சின்னவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் வெள்ளையாக இருக்கின்றன. மெழுகுபோல. ஊசியால் குத்திப் பார்த்தேன். தெரியவில்லை. நோகாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போய் என்ன சொல்வது? இரண்டு காலுறை போட்டேன்.

இன்னும் ஆறு நாள். அதன்பிறகு தாராவுக்கும் ஓய்வு, இன்வேட்டருக்கும் ஓய்வு. நிதாவோடு ஒட்டாவாவுக்குப் போய் ஹீற்றரை இருபத்தைந்தில் வைத்து, சரத்தை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு இருக்கப்போகிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

நீண்ட வார இறுதி. திங்கட்கிழமை குடும்ப நாள் என்று விடுமுறை. எல்லோரும் குடும்பத்தோடு இருக்கவேண்டுமாம், அரசாங்கத்தின் கட்டளை. பனிப்புயல் வருகிறதென்று பட்டறையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டார்கள். அரைநாள் சார்ஜ்தான். 12.3. செவ்வாய் காலைவரை வயர் இல்லை.

போகும்போது குகன் ஜன்னலில் தட்டினான். "அண்ணை, உண்மையாச் சொல்லுங்கோ. எல்.ஈ.டி. பூட்டினீங்களோ?"

"பூட்டியாச்சு."

"உள்ளை வந்து பாக்கட்டே?"

"ரோட்டை மூடப்போறாங்கள், நீ வெளிக்கிடு. வதனி பாத்துக்கொண்டிருப்பா."

போய்விட்டான். நல்ல பெடியன். எதையும் நம்புவான்.

பிப்ரவரி 14, சனி

12.0. பனி கொட்டுகிறது. சோலார் தட்டைக் காணவில்லை. ஏணியில் ஏறப் பார்த்தேன். வலது கால் சப்பாத்துக்குள் போகவில்லை, வீங்கிவிட்டது. விரல் இரண்டும் இப்போது கறுப்பு. கறுவல் என்று என்னைப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டவர்களுக்குக் காட்டலாம்.

ஹீற்றர் போட்டால் காற்றாடி சுழலும்போது தாரா மங்குகிறது. நிற்பாட்டினேன். பவளத்தின் கம்பளிச் சால்வை, இரண்டு ஜாக்கெற், ஒரு போர்வை. தேத்தண்ணி வைத்தால் கொஞ்சநேரம் கைக்குச் சூடு.

குகன் போன் எடுத்தான். "எப்பிடியண்ணை, சூடோ?"

"சூடாத்தான் கிடக்கு."

நிதாவும் எடுத்தாள். நாளைக்கே வெளிக்கிடப் போகிறாளாம், ரோட்டைத் திறந்தால். ஞாயிறு இரவு குகன் வீட்டில் நின்று, திங்கள் என்னோடு இருந்து, செவ்வாய் கோயில். "பேஸ்மென்றிலை எனக்கும் ஒரு பாய் போடுங்கோ" என்றாள்.

அவசரப்படாதே, பனியில் ஓடாதே என்றேன். வேறு என்ன சொல்வது?

பிப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. நித்திரை கொள்ளக்கூடாத நாள். நல்லதாய்ப் போயிற்று.

11.4. இன்வேட்டர் பூனைக்குட்டிபோல் கத்தத் தொடங்கிவிட்டது. தண்ணிக் குழாய் இறுகிவிட்டது. எழுதுகிற பேனையைக் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கித்தான் எழுதுகிறேன்.

தாரா எரிகிறது. கதிரையை அதற்கு நேரே போட்டிருக்கிறேன்.

நாளை ஒரு நாள்தான்.

பிப்ரவரி 19, வியாழன்

ஆஸ்பத்திரி. நிதா கொப்பியைக் கொண்டுவந்து தந்தாள். வாசித்தாளா என்று கேட்கவில்லை. கண்ணைப் பார்த்தால் வாசித்திருக்கிறாள்.

வலது காலில் மூன்று விரல் எடுத்துவிட்டார்கள். இரண்டுக்குத்தான் நான் உத்தரவாதம், மூன்றாவது சேர்ந்துபோனது. சேர்க்கை சரியில்லை.

நடந்ததை அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிறு ராத்திரி நிதா குகன் வீட்டுக்கு வந்து, "அப்பா கீழை படுத்திட்டாரோ?" என்று கேட்டிருக்கிறாள். வதனி, "கீழையோ? எங்கட வீட்டுக்கு பேஸ்மென்றே இல்லையே, பிள்ளை" என்றிருக்கிறாள். அந்த நேரத்திலேயே வெளிக்கிட்டார்கள். ரோட்டு மூடிக்கிடந்தது. விடியத்தான் வளவுக்கு வர முடிந்தது. கதவு உறைந்துபோய்க் குகன் கம்பியால் உடைத்தானாம்.

இன்று இரண்டு பேரும் கட்டிலருகே நின்றார்கள். குகன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பற்றரியும் கல்லு மாதிரி, அண்ணை. உறைஞ்சு பெட்டி பிளந்துபோய்… போர்வையும் அதோடை ஒட்டிக்கொண்டு…"

"குகன் மாமா" என்றாள் நிதா.

அவன் நிறுத்திக்கொண்டான்.

நான் கேட்டேன். எதைக் கேட்டேன் என்று எழுதத் தேவையில்லை.

நிதா என் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "எரிஞ்சுகொண்டுதான் இருந்ததப்பா. நாங்கள் கதவைத் திறக்கேக்கை எரிஞ்சது. நான் கண்டனான்."

குகன் நிலத்தைப் பார்த்தான்.

கணிதத்தில் இரண்டு முறை குண்டு விட்டவனுக்கும் இந்தக் கணக்கு வரும். ஆனால் செய்யவில்லை. "நல்லது, பிள்ளை" என்றேன். பேஸ்மென்ற் வேர்க்குது என்று சொன்னவனுக்குப் பிறந்தவள்தானே.

ஆட்டைத்திவசத்தை அவளே செய்திருக்கிறாள். மகள் செய்வதா என்று ஐயர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். "அப்பாவின்ரை விரல் வெட்டுற நேரம் அது. வேறை ஆர் செய்யிறது எண்டு கேட்டன்" என்றாள். செய்து கொடுத்தாராம்.

சொல்லி முடித்தபிறகுதான் அழுதாள். தாய் செத்தபோதும் இப்படி அழவில்லை. "எனக்கு ஒருத்தர் போனது போதாதோ, அப்பா? ஒரு பல்ப்புக்காக…"

பகிடியாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வண்டியை நகரசபை இழுத்துக்கொண்டு போய்விட்டது. குகனுக்கு முதலாளியிடம் நல்ல ஏச்சாம். அவன் சொல்லவில்லை, வதனி சொன்னாள். திரைச்சீலைகளை மட்டும் கழற்றி வைத்திருக்கிறான். குசினி ஜன்னலின் கட்டைத் திரைச்சீலையையும்.

மார்ச் 9, திங்கள்

ஒட்டாவா. நிதாவின் வீடு. அவள் புருசன் அர்ச்சுனன் சாந்தமான பிள்ளை. என்னை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறான். ஹீற்றர் இருபத்தைந்தில்தான் இருக்கிறது. வேர்க்குது. இந்தமுறை உண்மை.

என் அறையில் மேசை போட்டுப் படம் வைத்திருந்தார்கள். சுவரில் தாரா. பிளாஸ்ரிக் கழுத்தில் வெடிப்பு, குளிரில் வந்திருக்கும். நான் வந்த அன்றே எரிந்துகொண்டிருந்தது. ஆட்டை முடிந்துவிட்டது, இனி அணைக்கலாம். ஆனால் நிதா கைவைக்கவில்லை. எனக்காக விட்டிருக்கிறாள் என்று விளங்கியது.

காலையில் எழும்பியதும் வோல்ற் பார்க்கக் கை போகிறது. இங்கே பார்க்க ஒன்றுமில்லை. சுவருக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் கரண்ட் இருக்கிறது.

நேற்று கோடைகால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். ஏழு மணியாகியும் வெளிச்சம் போகவில்லை. இருட்டும்வரை காத்திருந்தேன். பிறகு தடியை ஊன்றி எழும்பிப் போய்த் தாராவைச் சுவரிலிருந்து கழற்றினேன். கையில் கொஞ்சநேரம் சூடாக இருந்தது. படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

கட்டிலுக்கு வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். பழக்கம்.

இரண்டு நிமிடம் போனது. பிறகும் போனது.

ஒருவரும் கேட்கவில்லை.